நின்றது பேட்டரியா, கன்ட்ரோலரா? மின்சார சைக்கிளில் கோளாறு தேடும் முறை

சமதரையில் ஒழுங்காக ஓடும் மின்சார சைக்கிள், காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் பாதி ஏறியதும் நின்றுவிடுகிறது. ஓரமாக இறங்கி சுவிட்சை அணைத்துப் போட்டால் மறுபடி உயிர் வருகிறது. பத்தடி போனதும் திரும்பவும் நிற்கிறது. கடைக்குத் தள்ளிக்கொண்டு போனால், சைக்கிளைத் தொட்டுப் பார்க்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடும்: "பேட்டரி போயிடுச்சி சார், மாத்திடுங்க."

அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இந்த சைக்கிளில் பெரும்பாலும் விலை அதிகமான பாகமே பேட்டரிதான். அதை மாற்றச் சொல்பவர் மல்டிமீட்டரைக் கையில் எடுத்தாரா, எடுத்திருந்தால் எப்போது வைத்துப் பார்த்தார் என்று கேட்பதில் தவறே இல்லை. இந்த "எப்போது" முக்கியம். சும்மா நிற்கும் பேட்டரியில் மீட்டர் காட்டும் எண் பாதி விஷயத்தை மறைத்துவிடும். மின்சாரம் இழுக்கப்படும்போது அதே எண் என்ன ஆகிறது என்பதில்தான் கோளாறு வெளியே தெரியும்.

மின்சாரம் போகும் வழியை முதலில் பார்த்துவிடலாம். பேட்டரிப் பெட்டிக்குள் இருப்பது ஒற்றை பேட்டரி அல்ல. பெரும்பாலும் 18650 வகை உருளைச் செல்கள் இருக்கும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் அந்தப் பெயர். சில செல்களைப் பக்க இணைப்பில் சேர்த்தால் ஒரு குழு. அப்படிப்பட்ட பத்துக் குழுக்களைத் தொடர் இணைப்பில் வைத்தால் 36 வோல்ட் பேக். பதின்மூன்று குழு என்றால் 48 வோல்ட் பேக். எல்லாக் குழுக்களையும் தனித்தனியாகக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். என்ற சர்க்யூட் பலகையும் உள்ளேயே இருக்கும். ஏதாவது ஒரு குழு அளவுக்கு மீறி இறங்கினாலோ ஏறினாலோ, அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கப்பட்டாலோ, அது மொத்த பேக்கையும் துண்டித்துவிடும்.

பி.எம்.எஸ்.ஸைத் தாண்டி வரும் மின்சாரம் ஃபியூஸ், சாவி சுவிட்ச், கனெக்டர் வழியாக, மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டியான கன்ட்ரோலருக்குப் போகிறது. உள்ளே இருக்கும் மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சுகள் (சாதாரண சைக்கிள் கன்ட்ரோலரில் ஆறு) நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடி, மூன்று தடித்த ஒயர்களில் மாற்றி மாற்றி மின்சாரத்தை மோட்டாருக்கு அனுப்புகின்றன. மோட்டாருக்குள் இருக்கும் மூன்று ஹால் சென்சார்கள் காந்தம் எந்த இடத்தில் இருக்கிறது என்று திரும்பத் தகவல் சொல்கின்றன. கைப்பிடியில் திருகும் த்ராட்டில், பெடல் சென்சார், பிரேக் லீவர் எல்லாமே கன்ட்ரோலரில்தான் வந்து சேரும். டிஸ்ப்ளேவுக்குப் போகும் மின்சாரமும் பெரும்பாலான சைக்கிள்களில் கன்ட்ரோலர் வழியாகத்தான் போகிறது. தேடலுக்கு நல்ல தொடக்கம் இந்தக் கடைசி விஷயத்தில் இருக்கிறது.

டிஸ்ப்ளே அணைந்ததா, எரிந்துகொண்டே இருந்ததா?

சைக்கிள் நின்ற அந்த நொடியில் டிஸ்ப்ளேவைப் பாருங்கள். எந்தக் கருவியும் வேண்டாத சோதனை இது. வண்டி நின்றால் எல்லோரும் சக்கரத்தையும் சங்கிலியையும்தான் குனிந்து பார்ப்பார்கள்; அதற்குள் இந்தச் சாட்சியம் போய்விடும்.

டிஸ்ப்ளே மொத்தமாக அணைந்துவிட்டது என்றால், கன்ட்ரோலருக்கு மின்சாரமே வரவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். பி.எம்.எஸ். துண்டித்திருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம், கனெக்டர் தளர்ந்திருக்கலாம். டிஸ்ப்ளே எரிகிறது, மோட்டார் மட்டும் இழுக்கவில்லை என்றால் பேட்டரியிலிருந்து மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கிறது. அப்போது சந்தேகம் கன்ட்ரோலர் பக்கமும் அதோடு சேர்ந்த சென்சார்கள் பக்கமும் திரும்புகிறது. ஒரு விதிவிலக்கு உண்டு. மொத்த வோல்ட் குறைந்தால் கன்ட்ரோலரே மோட்டாரை நிறுத்திவிடும். 36 வோல்ட் சைக்கிளில் இது பொதுவாக 30, 31 வோல்ட் அருகில் நடக்கும். அப்போது டிஸ்ப்ளே எரியும், பேட்டரிப் படம் மட்டும் காலியாகிக் கண் சிமிட்டும்.

பள்ளத்தில் இறங்கி ஏறும்போது டிஸ்ப்ளே ஒரு கணம் அணைந்து வந்தால் அது லூஸ் கான்டாக்ட். கேபிள் போடத் தோண்டி மண்ணை அள்ளிப்போட்டு மூடிய தெரு எல்லா ஊரிலும் உண்டு, அதில் ஒரு சுற்று போய் வந்தாலே தெரிந்துவிடும்.

பேட்டரியைச் சோதிப்பது

மல்டிமீட்டரை நேர் மின்சாரத்தில் (DC), 200 வோல்ட் அளவில் வையுங்கள். கையில் மோதிரம், வளையல், உலோகப் பட்டை வாட்ச் இருந்தால் கழற்றிவிடுங்கள். லித்தியம் பேக்கின் இரு முனைகளை ஓர் உலோகத் துண்டு சேர்த்துவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயக்கூடும். மோதிரம் விரலோடு சிவக்கக் காயும்.

சாதாரண லித்தியம் அயன் செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும். பத்துக் குழு என்றால் 42 வோல்ட், பதின்மூன்று என்றால் 54.6. செல்லுக்கு 3.3 வோல்ட் அளவுக்கு வந்துவிட்டால், அதாவது 36 வோல்ட் பேக்கில் 33 அளவில், கிட்டத்தட்ட காலி. பேக்கின் லேபிளில் 38.4 என்றோ 51.2 என்றோ போட்டிருந்தால் அது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. அதற்குக் கணக்கு வேறு: ஒரு செல் 3.65 வோல்ட்டிலேயே நிரம்பிவிடும். லேபிளைப் படிக்காமல் எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது.

வெளியே வரும் முனையில் பூஜ்யம் காட்டினால் உடனே கைவிட வேண்டாம். பி.எம்.எஸ். துண்டித்த நிலையிலேயே நின்றிருக்கலாம். சரியான சார்ஜரைக் கொஞ்ச நேரம் மாட்டினால் பல பேக்குகள் விழித்துக்கொள்ளும். அதற்கும் அசையவில்லை என்றால் ஃபியூஸைக் கழற்றி, பீப் சத்தம் வரும் கன்டினியூட்டி அளவில் சோதியுங்கள்; சத்தம் வந்தால் ஃபியூஸ் அறுபடவில்லை. சார்ஜரின் முனையையும் அப்படியே விட்டுவிடாமல் தனியாக அளந்து பாருங்கள்: 36 வோல்ட் சைக்கிளின் சார்ஜர் 42 வோல்ட் தர வேண்டும். சில சார்ஜர்கள் பேட்டரியில் மாட்டும்வரை ஒன்றும் தராது, அது கோளாறல்ல. இன்னொரு குழப்பம், துண்டிக்கப்பட்ட பேக்கிலும் மீட்டர் பத்து, இருபது வோல்ட் என்று ஏதோ ஒரு எண்ணைக் காட்டலாம். ஒரு பல்பை மாட்டியதும் அந்த எண் விழுந்துவிடும், ஏனென்றால் அதன் பின்னால் சக்தி எதுவும் இல்லை.

சரி, பேக் 38 வோல்ட் காட்டுகிறது, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மேம்பாலத்தில் நிற்கிறது. இங்கேதான் சுமை, அதாவது பேட்டரியிலிருந்து மின்சாரத்தை இழுக்கும் ஒன்று, வேண்டும். வீட்டில் போர் மோட்டார் போடும்போது பல்பு ஒரு கணம் மங்குமே, அதே விஷயம்தான். மின்சாரம் அதிகமாக இழுக்கப்படும்போது, வழியிலிருக்கும் தடை தன் பங்குக்குக் கொஞ்சம் வோல்ட்டைத் தின்றுவிடுகிறது. செல்லுக்கு உள்ளேயும் தடை உண்டு. வயதாக ஆக அது கூடும். ஆரோக்கியமான பேக் மேட்டில் ஒன்றிரண்டு வோல்ட் இறங்கி, த்ராட்டிலை விட்டதும் மீண்டும் ஏறிவிடும். ஐந்தாறு வோல்ட் இறங்கினால் உள்ளே ஏதோ சரியில்லை.

மொத்தப் பேக்கும் ஒரே சீராகக் கிழடாவது ஒரு வகை. ஆனால் மேம்பாலத்தில் நிற்கும் பிரச்சினைக்கு அதைவிடப் பழக்கமான காரணம் ஒரே ஒரு குழு மட்டும் பலவீனமாவது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓய்வில் ஒன்பது குழுக்கள் 3.7 வோல்ட், பத்தாவது 3.4 என்று வையுங்கள். மொத்தம் 36.7, யாருக்கும் சந்தேகம் வராது. மேட்டில் ஒன்பது குழுக்கள் 3.5க்கு இறங்குகின்றன, நோயாளிக் குழு 2.6க்குப் போய்விடுகிறது. மொத்தம் 34.1. டிஸ்ப்ளேயில் இன்னும் சார்ஜ் மிச்சம் என்றுதான் தெரியும். ஆனால் பி.எம்.எஸ். பார்ப்பது மொத்தத்தை அல்ல, அந்த 2.6ஐ. உடனே துண்டித்துவிடுகிறது. சுமை போனதும் அந்தக் குழு மறுபடி 3.3, 3.4க்கு ஏறிக்கொள்ளும், சுவிட்சைப் போட்டால் வண்டி ஓடும், அடுத்த மேட்டில் நிற்கும். "சும்மா இருக்கும்போது நல்லா இருக்கு, மேட்டுலதான் மக்கர் பண்ணுது" என்று சொல்லப்படும் வண்டிகளில் பல இந்த ரகம்தான்.

குழுக்களின் சமநிலை கெட்டிருப்பதற்கு சார்ஜ் செய்யும்போதும் ஓர் அடையாளம் கிடைக்கும். சார்ஜர் சீக்கிரமே பச்சை விளக்குக் காட்டும், ஆனால் பேக்கை அளந்தால் 42க்குப் பதிலாக 40 வோல்ட்தான் இருக்கும். ஏதோ ஒரு குழு மற்றவற்றுக்கு முன்பே நிரம்பி வழியப் போனதால், மற்ற குழுக்கள் நிறையும் முன்பே பி.எம்.எஸ். சார்ஜை நிறுத்திவிட்டது. இரவு முழுக்க மாட்டி வைத்தாலும் இது ஏறாமல் போகலாம்.

சுமையை எப்படிக் கொடுப்பது? பின்சக்கரத்தைத் தூக்கி வைத்து த்ராட்டில் திருகுவதுதான் பலரும் செய்வது. அது உதவாது; காற்றில் சுற்றும் சக்கரம் இழுப்பது மிகக் குறைந்த மின்சாரம். எனக்குப் பிடித்த வழி, ஆட்டோ உதிரிபாகக் கடையில் கிடைக்கும் 12 வோல்ட், 55 வாட் ஹாலஜன் ஹெட்லைட் பல்புகள். 36 வோல்ட் பேக்குக்கு மூன்று, 48க்கு நான்கு, தொடர் இணைப்பில். ஏறக்குறைய நான்கரை ஆம்பியர் சீராக இழுக்கும். இன்னொரு வரிசையைப் பக்க இணைப்பில் சேர்த்தால் ஒன்பது ஆம்பியர், ஓரளவு மேடு ஏறுவதற்குச் சமம். பல்புகள் கொதிக்கும், செங்கல் மேல் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் எரியவிட்டு நிமிடத்துக்கு ஒரு முறை வோல்ட்டைக் குறித்துக்கொண்டால் போதும். மெதுவாக, சீராக இறங்கினால் பேக் பிழைத்தது. திடீரென்று பல்பு மொத்தமாக அணைந்தால் பி.எம்.எஸ். துண்டித்தது என்று அர்த்தம், கடைசியாகக் குறித்த எண்ணோடு கடைக்குப் போகலாம். எந்தக் குழு என்று கண்டுபிடிக்கப் பெட்டியைத் திறந்து மெல்லிய ஒயர்களில் ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். அது தொடக்கநிலைக்காரர் வேலை இல்லை, பழகியவரிடம் விடுங்கள்.

கனெக்டர் என்னும் கள்ளன்

பேட்டரியையோ கன்ட்ரோலரையோ குற்றம் சொல்வதற்கு முன் இரண்டுக்கும் இடையில் இருப்பதைப் பாருங்கள். கழற்றி மாட்டும் பேட்டரியாக இருந்தால், அது உட்காரும் தொட்டியில் உள்ள பித்தளை முனைகள் கறுத்துக் குழிவிழுந்திருக்கும். மழையில் நனைந்த வண்டியில் பச்சை படிந்திருக்கும். கன்ட்ரோலரை பேட்டரியோடு சேர்க்கும் கணத்தில் அதன் கெப்பாசிட்டர் நிறைவதற்காகப் பாயும் மின்சாரத்தால் "டப்" என்று ஒரு பொறி வருமே, அது சாதாரணம்தான். ஆனால் அடிக்கடி கழற்றி மாட்டினால் முனை அரிக்கும்.

இதற்கும் சுமைச் சோதனைதான். மேடு ஏறி இறங்கியதும் கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். ஒயர் வெதுவெதுப்பாக, கனெக்டர் மட்டும் சுடச்சுட இருந்தால் அங்கே தடை இருக்கிறது. மீட்டரின் ஒரு முனையை கனெக்டருக்கு முன்னாலும் மற்றொன்றை அதே ஒயரில் பின்னாலும் வைத்தால், சுமையின்போது ஏறத்தாழ பூஜ்யம்தான் வர வேண்டும். அரை வோல்ட் காட்டுகிறது, பத்து ஆம்பியர் ஓடுகிறது என்றால், அந்தச் சிறு துண்டு மட்டும் 5 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. பிளாஸ்டிக் உருகுவதற்கு அது போதும். எக்ஸ்டி60 போன்ற மஞ்சள் கனெக்டரை மாற்றிச் சால்டர் வைக்க ஆகும் செலவு, புது பேட்டரியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

கன்ட்ரோலர் பக்கம்

டிஸ்ப்ளே எரிகிறது, மோட்டார் அசையவில்லை. முதலில் பிரேக் லீவர்களின் ஒயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பிரேக் பிடித்தால் மோட்டார் நிற்க வேண்டும் என்பதற்காக லீவருக்குள் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். அது சிக்கிக்கொண்டால் கன்ட்ரோலர் நாள் முழுக்க நீங்கள் பிரேக் பிடித்துக்கொண்டே இருப்பதாக நம்பும். பெரும்பாலான சைக்கிள்களில் ஒயரைக் கழற்றினால் பிரேக் விட்டதாகக் கணக்கு. மோட்டார் ஓடிவிட்டால் வேலை முடிந்தது. மழை பெய்த மறுநாள் வரும் புகார்களில் இதை நான் முதலில் சந்தேகிப்பேன்.

அடுத்தது த்ராட்டில். மூன்று ஒயர்: சிவப்பில் 5 வோல்ட், கறுப்பு மைனஸ், மூன்றாவது தகவல் சொல்லும் ஒயர். விட்டிருக்கும்போது அந்த மூன்றாவதில் ஏறத்தாழ 0.8 முதல் 1 வோல்ட் வரை இருக்க வேண்டும். முழுக்கத் திருகினால் 4 அருகில் போக வேண்டும். ஏறி இறங்குகிறது என்றால் த்ராட்டிலில் குறை இல்லை. சிவப்பில் 5 வோல்ட்டே இல்லை என்றால் கன்ட்ரோலரை உடனே தூக்கிப் போட வேண்டாம். இந்த 5 வோல்ட்டைத்தான் ஹால் சென்சார்களும் பெடல் சென்சாரும் பங்கு போடுகின்றன. அவற்றில் ஒன்று ஷார்ட் ஆனாலும் எல்லாவற்றுக்கும் போய்விடும். ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஏதோ ஒன்றைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பினால் அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லை என்றால் கன்ட்ரோலருக்குள் இருக்கும் ரெகுலேட்டர் போய்விட்டது.

மோட்டார் ஓட முயன்று கர்ரென்று உதறுகிறது, கையால் தள்ளிவிட்டால் ஓடுகிறது என்றால், மூன்று தடித்த ஒயர்களில் ஒன்றோ ஹால் சென்சார்களில் ஒன்றோ விட்டுப்போயிருக்கிறது. ஹால் ஒயர்களை மாட்டிய நிலையிலேயே பின்பக்கமாக மீட்டர் முனையைச் செருகி, சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால், மூன்று தகவல் ஒயர்களும் பூஜ்யத்துக்கும் 5 வோல்ட் அருகிலும் மாறி மாறித் தாவ வேண்டும். தாவாமல் ஒரே எண்ணில் நிற்பது செத்துப்போன சென்சார். பல்சக்கரம் உள்ள சின்ன ஹப் மோட்டாரில் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றினால்தான் மோட்டாரும் சேர்ந்து சுற்றும்.

மாஸ்ஃபெட் எரிந்தால் அதைக் கைகளே சொல்லிவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். விட்டு விட்டுப் பிடித்து இழுத்தால், மூன்று தடித்த ஒயர்களையும் கன்ட்ரோலரிலிருந்து கழற்றி, ஒன்றோடொன்று தொடாமல் விட்டுவிட்டு மறுபடி சுற்றுங்கள். இப்போது லேசாகச் சுற்றினால் கன்ட்ரோலர் உள்ளே ஷார்ட். இன்னும் இறுகினால் ஷார்ட் இருப்பது மோட்டாரிலோ அதன் ஒயரிலோதான். அச்சு வழியாக ஒயர் நுழையும் இடத்தில் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

உறுதிசெய்ய மீட்டரை டயோடு அளவில் வையுங்கள். பேட்டரி கழன்றிருக்க வேண்டும், கெப்பாசிட்டரில் மிச்சம் இல்லாமலிருக்கக் கொஞ்ச நேரம் விட வேண்டும். சிவப்பு முனையை கன்ட்ரோலரின் பேட்டரி மைனஸ் ஒயரில் வைத்து, கறுப்பால் மூன்று தடித்த ஒயர்களையும் தொட்டால் ஒவ்வொன்றிலும் 0.4 முதல் 0.6 வரை ஏதோ ஒரு எண் வரும். கறுப்பைப் பேட்டரி பிளஸ்ஸுக்கு மாற்றி, சிவப்பால் மூன்றையும் தொடுங்கள். அதே மாதிரி வரும். எண் எவ்வளவு என்பதைவிட மூன்றும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்பதே கேள்வி. ஒன்று மட்டும் பூஜ்யம் காட்டிப் பீப் அடித்தால் அங்குள்ள மாஸ்ஃபெட் முடிந்தது.

வெயிலும் தீயும்

மே மாதத்தில் வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் அதற்கும் மேல். பொதுவான லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது; வெப்ப சென்சார் உள்ள பி.எம்.எஸ். தானாகவே சார்ஜை மறுத்துவிடும். கத்திரி வெயிலில் மதியம் ஓட்டி வந்து உடனே மாட்டி, "சார்ஜ் ஏறல" என்றால் அது கோளாறாகவே இல்லாமலிருக்கலாம். நிழலில் ஆறவிட்டு, சாயங்காலம் மாட்டிப் பாருங்கள்.

2022 மார்ச்சில் இதே வேலூரில், வீட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் அவர் மகளும் இறந்தார்கள். சைக்கிள் பேட்டரி அளவில் சிறியதுதான், ஆனால் உள்ளே இருக்கும் செல் அதே இனம். படுக்கும் அறையிலும் வீட்டு வாசல் வழியை மறித்தும் சார்ஜ் போடாதீர்கள். பேக் உப்பியிருந்தால், இனிப்பான கரைப்பான் வாடை வந்தால், ஓட்டாமலே சுட்டால், அளந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், திறந்தவெளிக்குக் கொண்டுபோய்விடுங்கள். மாதக்கணக்கில் கிடந்து செல்லுக்கு 2 வோல்ட்டுக்கும் கீழே போன பேக்கை வலுக்கட்டாயமாக சார்ஜ் ஏற்றி உயிர்ப்பிப்பதும் வேண்டாம். அந்த அளவுக்கு இறங்கிய செல்லில் செம்பு கரைந்து, பிறகு உள்ளேயே ஷார்ட் ஆக வாய்ப்புண்டு. அப்புறம், பி.எம்.எஸ். துண்டிக்கிறது என்பதற்காக ஒரு ஒயரை வைத்து அதைத் தாண்டி நேராக இணைத்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். வண்டி மேம்பாலம் ஏறிவிடும். அந்தப் பலவீனமான குழுவைத் தடுத்து நிறுத்த அதன்பின் எதுவும் இருக்காது.

மாற்ற வேண்டியது எது

பலவீனமான ஒரு குழுவில் மட்டும் புதுச் செல் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், மற்ற குழுக்களின் கொள்ளளவை அளந்தீர்களா என்று கேளுங்கள். பழைய ஒன்பதோடு புதிய ஒன்று சேர்ந்தால் சில மாதங்களில் இன்னொரு குழு நோயாளியாகும். பேக் இரண்டு வருஷத்துக்குள் என்றால் செய்து பார்க்கலாம். ஐந்து வருஷம் ஓடியது என்றால் எல்லாச் செல்லையும் மாற்றுவதுதான் மேல். செல்லில் நேரடியாகச் சால்டர் வைப்பவரிடம் கொடுக்காதீர்கள். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்பவராக இருக்க வேண்டும், ஏனென்றால் சால்டரின் சூடு செல்லைக் கெடுக்கும்.

கன்ட்ரோலரை மாற்றுவதென்றால் பழையதன் லேபிளில் உள்ள வோல்ட்டும் உச்ச ஆம்பியரும் புதியதிலும் அப்படியே இருக்கட்டும். கூடுதல் ஆம்பியர் போட்டால் வேகமும் இழுவையும் வரும் என்று ஆசை காட்டுவார்கள். பழைய பேக்கின் பி.எம்.எஸ். அதைத் தாங்காமல் மேட்டில் மறுபடி துண்டிக்கும். 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்டு இருப்பதால்தான் இந்த சைக்கிளுக்குப் பதிவெண் வேண்டியதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். டிஸ்ப்ளேவையும் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். ஒரு தயாரிப்பாளரின் டிஸ்ப்ளே இன்னொருவரின் கன்ட்ரோலரோடு பெரும்பாலும் பேசாது; ஒயர் எண்ணிக்கை ஒன்றாக இருந்து, கனெக்டர் கச்சிதமாகப் பொருந்தினாலும் பிழைக் குறி வரலாம். பேசவில்லை என்றால் இரண்டையும் ஜோடியாக வாங்க வேண்டியிருக்கும், விலை பேசும்போது அதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.